ஒரே வீடு, இரண்டு சம்பளச் சீட்டு, இரண்டு சைக்கிள்

போன வருடம் எங்கள் வீட்டுக்கு இரண்டு சைக்கிள் வந்தன. என்னுடையது அலுவலகத்தின் 'சைக்கிள் டு வொர்க்' திட்டத்தில் எடுத்த மின் சைக்கிள். மனைவியுடையது கடையில் நேராகப் பணம் கொடுத்து வாங்கிய சாதாரண சைக்கிள். அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையிலும் இதே திட்டம் இருக்கிறது. இருந்தும் கணக்குப் போட்டுப் பார்த்து அவருக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். எனக்கு வேண்டும் என்று முடிவு செய்ததும் அதே கணக்குதான்.

லண்டனில் நாங்கள் இருக்கும் ஈஸ்ட் ஹாம் பக்கம் தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "ஆபீஸ் வழியா எடுத்தா பாதி விலைன்னு சொல்றாங்களே, உண்மையா?" சிலருக்கு ஏறத்தாழ உண்மை. பலருக்கு இல்லை. யாருக்கு எது என்று ஒரே வரியில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் திட்டம் என்ன என்று பார்த்துவிடலாம். பிரிட்டனில் 1999ஆம் வருட நிதிச் சட்டம் ஒரு வரிச்சலுகை கொடுத்தது. முதலாளி தன் ஊழியருக்கு வேலைக்குப் போய்வர சைக்கிள் கொடுத்தால், அதை ஒரு வருமானமாகக் கணக்கிட்டு வரி போட மாட்டார்கள். திட்டம் நடத்தும் நிறுவனங்கள் எல்லாம் இதை வைத்துத்தான் நடத்துகின்றன. நீங்கள் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், முதலாளி முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார். அதற்கு ஈடாக, பெரும்பாலும் 12 மாதங்களுக்கு, உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை வரி பிடிப்பதற்கு முன்பே விட்டுக்கொடுக்கிறீர்கள். விட்டுக்கொடுத்த பணம் உங்கள் வருமானம் இல்லை என்பதால் அதற்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸும் (அரசுப் பென்ஷன் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை) இல்லை. முதலாளிக்கும் அவர் பங்கு நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சம். சைக்கிளோடு ஹெல்மெட், விளக்கு, பூட்டு, மட்கார்டு போன்ற பாதுகாப்புச் சாமான்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என் அப்பா ஊரில் அரசு அலுவலகத்தில் சைக்கிள் முன்பணம் வாங்கித்தான் முதல் சைக்கிளை எடுத்தார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இங்கே திட்டத்தைப் பற்றிக் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, இதுவும் அது போலத்தான் என்று நினைத்துவிட்டேன். இல்லை. அப்பா வாங்கியது கடன், சைக்கிள் முதல் நாளிலிருந்தே அவருடையது. இங்கே நீங்கள் போடும் கையெழுத்து வாடகை ஒப்பந்தத்துக்கு. ஒரு வருடம் பணம் கட்டி முடித்த அன்றும் சைக்கிள் உங்களுடையது இல்லை. திட்டத்தில் நிறையப் பேர் ஏமாற்றம் அடைவது இந்த ஒரு விஷயத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'வருட முடிவில் சைக்கிள் உனக்கே' என்று ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதினால் அது வாடகையாக நிற்காது, வரிச்சலுகை போய்விடும். அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதி மட்டும் மழுப்பலாக இருக்கும். வாடகைக் காலம் முடிந்ததும் திட்டத்தை நடத்தும் நிறுவனம் உங்களுக்கு மெயில் அனுப்பும். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது சந்தை மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சந்தை மதிப்பு என்ன என்பதற்கு வரித்துறை, அதாவது எச்.எம்.ஆர்.சி., ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. ஒரு வருடம் ஆன சைக்கிளுக்கு, முதலில் 500 பவுண்டுக்குக் கீழ் விலை என்றால் அந்த விலையில் 18 சதவீதம். 500 அல்லது அதற்கு மேல் என்றால் 25 சதவீதம். நான்கு வருடம் ஆன சைக்கிளுக்கு இதுவே 3 சதவீதம், 7 சதவீதம் என்று இறங்கிவிடும்.

ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. இப்போதே 25 சதவீதம் கொடுக்காமல், 7 சதவீதத்தை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு மேலும் மூன்று வருடம் வாடகை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் டெபாசிட்டை விட்டுவிட்டால் சைக்கிள் உங்களுடையது. அந்த மூன்று வருடம் அதை விற்க முடியாது என்பதைத் தவிர வேறு பெரிய சிரமம் இல்லை.

இப்போது 1,000 பவுண்டு சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு, 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் சேர்ந்து 28 சதவீதம் மிச்சம். கையில் வரும் சம்பளத்தில் குறைவது மாதம் 60 பவுண்டு, வருடத்துக்கு 720. டெபாசிட் வழியில் போனால் இன்னும் 70, மொத்தம் 790. உடனே சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று 25 சதவீதம் கட்டினால் 720உம் 250உம் சேர்ந்து 970. அதாவது ஒரு வருடம் வாடகைக்கு ஓட்டி, படிவம் எல்லாம் நிரப்பி, மொத்த மிச்சம் 30 பவுண்டு. விளம்பரத்தில் பார்த்த 28 சதவீதம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

40 சதவீத வரி கட்டுகிறவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் 2 சதவீதம்தான், மொத்தம் 42. அதே சைக்கிளுக்கு அவர் கொடுப்பது 580, டெபாசிட்டோடு 650. ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இது இன்னும் நல்லது. அங்கே 42 சதவீத வரி 43,662 பவுண்டிலேயே தொடங்கிவிடுகிறது, ஆனால் நேஷனல் இன்சூரன்ஸ் 50,270 வரை 8 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் சம்பளம் உள்ளவருக்கு ஒவ்வொரு பவுண்டிலும் பாதி மிச்சம். பாதி விலை என்ற பேச்சு அவருக்குப் பொருந்தும். சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டியவர்களுக்கும், 60,000க்கும் 80,000க்கும் நடுவில் இருப்பதால் சைல்டு பெனிஃபிட்டில் (பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகை) ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டுகிறவர்களுக்கும் அந்த 42 சதவீதத்தைவிடக் கூடுதல் லாபம் உண்டு, ஏனென்றால் விட்டுக்கொடுத்த சம்பளம் அந்தக் கணக்குகளிலும் வராது. படிப்புக் கடன் கட்டுகிறவர்களுக்கு அந்த 9 சதவீதமும் அந்த வருடம் குறையும். ஆனால் கடன் அப்படியே இருக்கும், அதை மிச்சமென்று எண்ணக் கூடாது.

இதுவரை பார்த்தது வரிக் கணக்கு. இனி கடைக் கணக்கு. எனக்கு இதுதான் வரியைவிட முக்கியம் என்று தோன்றுகிறது.

1,000 பவுண்டு என்று சீட்டு ஒட்டிய சைக்கிள் 1,000 பவுண்டு சைக்கிள்தானா? இலையுதிர் காலம் வந்ததும் கடைகள் அந்த வருட மாடல்களைத் தள்ளிவிடப் பார்க்கும். நிறம் மட்டும் மாறிய புது மாடலுக்கு இடம் வேண்டும். அப்போது கால் பங்கு தள்ளுபடி என்பது அபூர்வமில்லை. தள்ளுபடியில் 750க்கு வாங்கிவிட்டால், 20 சதவீத வரிக்காரர் திட்டத்தில் கொடுக்கும் 790ஐவிட 40 பவுண்டு குறைவு. சைக்கிள் அன்றைக்கே சொந்தம்.

தள்ளுபடி விலையிலேயே திட்டத்தையும் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். சில கடைகளில் முடியும், பல கடைகளில் முடியாது. காரணம், ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரர் திட்டம் நடத்தும் நிறுவனத்துக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே விலை குறைத்த சைக்கிளில் அந்தக் கமிஷனும் போனால் அவருக்கு ஒன்றும் நிற்காது. அதனால் தள்ளுபடிச் சைக்கிளுக்குத் திட்டம் செல்லாது என்பார்கள், அல்லது மேலே 10 சதவீதம் வரை சேர்ப்பார்கள். சேர்த்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல நேரம் லாபம்தான். 750ஓடு 75 சேர்த்து 825. அதில் 28 சதவீதம் போக 594, டெபாசிட் 58, மொத்தம் 652 பவுண்டு. கடைக்காரர் 10 சதவீதம் கேட்கிறார் என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். தெருமுனையில் பஞ்சர் ஒட்டவும் பிரேக் சரிபார்க்கவும் அந்தச் சின்னக் கடை இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பெரிய சங்கிலிக் கடைகளைப் போல அவர்களால் கமிஷனைத் தாங்க முடியாது.

தள்ளுபடிக்கு அவ்வளவாக வராத சைக்கிள்களும் உண்டு. மேற்கு லண்டன் கிரீன்ஃபோர்டில் செய்யும் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் அப்படி ஒன்று. விலை அதிகம், கடைக்குக் கடை வித்தியாசமும் குறைவு. ஆனால் பழையதாக விற்றாலும் நல்ல விலை போகும். ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அதை எடுக்கப்போவதாக இருந்தால் திட்டத்தின் மிச்சம் முழுசாகக் கையில் நிற்கும்.

மனைவியின் கணக்குக்கு வருகிறேன். அவர் நர்ஸ், 20 சதவீத வரி. அவர் பார்த்து வைத்திருந்த சைக்கிள் 600 பவுண்டு. திட்டத்தில் 432, டெபாசிட் 42, மொத்தம் 474. மிச்சம் 126. பரவாயில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் பென்ஷன் ஞாபகம் வந்தது.

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பென்ஷனில் 2015 திட்டத்தில் இருப்பவர்களுக்கு, ஒவ்வொரு வருடமும் வாங்கிய பென்ஷன் கணக்குச் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு ஓய்வுக்குப் பிறகு வருடாந்திரப் பென்ஷனாகச் சேர்கிறது. விட்டுக்கொடுத்த சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. 600 பவுண்டை விட்டுக்கொடுத்தால் ஓய்வுக்குப் பிறகு வருடத்துக்கு 11 பவுண்டு குறையும். சின்னத் தொகை என்று தோன்றும். ஆனால் அது விலைவாசியோடு ஏறக்கூடிய தொகை, இருக்கும்வரை வரக்கூடியது. பதினைந்து வருடம் வாங்கினால் இன்றைய மதிப்பில் 165 பவுண்டு. இன்னொரு பக்கம், அந்த 600க்கு அவர் கட்ட வேண்டிய பென்ஷன் பங்கு கட்ட வேண்டாம், அது கையில் 40, 50 பவுண்டாக வரும். கூட்டிக் கழித்தால் 126 பவுண்டு மிச்சத்தைப் பென்ஷன் பெரும்பாலும் தின்றுவிடுகிறது. என்.எச்.எஸ்.ஸில் நம்மவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! இதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. திட்டத்தின் இணையதளத்தில் உள்ள கால்குலேட்டரில் வரி வரும், நேஷனல் இன்சூரன்ஸ் வரும், பென்ஷன் வராது.

தனியார் நிறுவனங்களில் இது வேறு மாதிரி இருக்கலாம். என் அலுவலகத்தில் பென்ஷனுக்கு மட்டும் பழைய சம்பளத்தையே கணக்கில் வைக்கிறார்கள், அதனால் எனக்கு இழப்பில்லை. உங்கள் இடத்தில் எப்படி என்று எச்.ஆரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். சட்டப்படியான மகப்பேறு ஊதியம், பிரசவ நாளுக்குச் சுமார் பதினைந்து வாரம் முன்னால் முடிகிற எட்டு வாரங்களின் சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். அந்த வாரங்களில் சைக்கிளுக்காகச் சம்பளம் குறைந்திருந்தால் அந்த ஊதியமும் குறையும். விசாவுக்கான சம்பள வரம்பை ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதனால் பாதிப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு என்ன செய்தோம் என்றால், செப்டம்பர் வரை காத்திருந்தோம். அதே சைக்கிள் 450க்கு வந்தது. அந்தக் கடையில் வட்டியில்லாத் தவணையும் இருந்தது, பத்து மாதம், மாதம் 45. வரி மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் 474ஐவிட 450 குறைவு, பென்ஷனில் கை வைக்கவில்லை, வேலை மாறினாலும் கவலை இல்லை. தவணை என்பது கடன்தான், கடன் வரலாற்றைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஒரு மாதம் தவறினால் அதில் பதிவாகும். அதை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

வேலை மாறுவது என்று சொன்னேன். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன், முதல் கம்பெனியில் இருந்தபோது, 900 பவுண்டு சைக்கிள் ஒன்றைத் திட்டத்தில் எடுத்தேன். அப்போது நேஷனல் இன்சூரன்ஸ் 12 சதவீதம், எனக்கு வரி 20, மிச்சம் 32 சதவீதம். மாதம் 75 பவுண்டு விட்டுக்கொடுத்தேன், கையில் குறைந்தது 51தான். எட்டாவது மாதம் வேறு வேலை கிடைத்தது. கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்தால், மீதி நான்கு மாதத்துக்கான 300 பவுண்டையும் வரி போன பிறகு பிடித்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. 408, 300, அப்புறம் டெபாசிட் 63, மொத்தம் 771 பவுண்டு. அதே சைக்கிள் ஜனவரித் தள்ளுபடியில் 720க்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போனாலும் பெரும்பாலும் இதே விதிதான். அடுத்த ஒரு வருடத்துக்குள் வேலை மாறும் எண்ணம் இருந்தால், அல்லது அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், திட்டத்தைத் தொடாதீர்கள்.

திருட்டுப் போனாலும் மீதி வாடகையைக் கட்டியே ஆக வேண்டும். வீட்டுப் பொருள் இன்சூரன்ஸில் சைக்கிள் சேருமா, எவ்வளவு விலை வரை சேரும், வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்திருந்தாலும் சேருமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பூட்டுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் 'சோல்டு செக்யூர்' அமைப்பின் தங்கத் தரம் அல்லது வைரத் தரம் போட்ட பூட்டைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் நான் மறுபடியும் திட்டத்துக்குப் போனேன்? இப்போது என் வரி 40 சதவீதம், வேலை நிலையாக இருக்கிறது, நான் வாங்கியது மின் சைக்கிள். ஈஸ்ட் ஹாமிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் போக வேண்டும், ஒரு வழி ஏழு மைல். கிரீன்வே வழியாகப் போகிறேன். விக்டோரியா காலத்துப் பெரிய கழிவுநீர்க் குழாய்களின் மேல் போட்ட மேட்டுப் பாதை அது, கார் வராது. பிறகு ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஆல்ட்கேட் வரை சைக்கிள் பாதை இருக்கிறது. சாதாரண சைக்கிளில் போனால் வேர்த்து நனைந்துபோய் அலுவலகத்தில் நிற்க வேண்டும், குளிர்காலத்தில் எதிர்க்காற்றில் மனமே வராது. விலை 2,000 பவுண்டு. திட்டத்தில் 1,160, டெபாசிட் 140, மொத்தம் 1,300. வேறு கடையில் அதே சைக்கிளைத் தள்ளுபடியில் 1,700க்குப் பார்த்தேன், அதைவிடவும் 400 பவுண்டு குறைவு. முன்பெல்லாம் பெரும்பாலான இடங்களில் 1,000 பவுண்டு வரம்பு இருந்தது, 2019இல் வழிகாட்டுதல் மாறிய பிறகுதான் மின் சைக்கிள்கள் திட்டத்துக்குள் தாராளமாக வந்தன. உங்கள் முதலாளி தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கலாம், விண்ணப்பிக்கச் சில மாதங்கள் மட்டும் திறந்து வைக்கிற இடங்களும் உண்டு.

மின் சைக்கிளைப் பழையதாக வாங்கத் தயங்குவதும் ஒரு காரணம். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மணிக்கு 15.5 மைலில் உதவி நின்றுவிட வேண்டும், அதுதான் சட்டம். இணையத்தில் விற்கிற பழைய வண்டிகளில் எதை மாற்றியிருக்கிறார்கள், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பேட்டரி மாற்றச் சில நூறு பவுண்டு ஆகும். வீட்டுக்குள் சார்ஜ் போடுகிற பொருள் என்பதால் தீ பயமும் இருக்கிறது. இதில் மட்டும் நான் விலையைப் பார்க்க மாட்டேன்.

சாதாரண சைக்கிளுக்கு அப்படி இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை, இரண்டு மைல், மூன்று மைல் என்றால் 150 பவுண்டில் நல்ல பழைய சைக்கிள் கிடைக்கும். எந்த வரிச்சலுகையும் அந்த விலைக்கு இறங்காது. வாங்கும்போது சட்டகத்தின் அடியில் உள்ள எண்ணை 'பைக்ரெஜிஸ்டர்' தளத்தில் போட்டுப் பாருங்கள், திருட்டு வண்டி என்று பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். பழுது பார்த்து விற்கும் அறக்கட்டளைகளும் இருக்கின்றன, 'தி பைக் புராஜெக்ட்' அகதிகளுக்குச் சைக்கிள் கொடுக்கிற அமைப்பு, கொஞ்சம் சைக்கிளை விற்கவும் செய்கிறது. ஓட்டிப் பல வருடம் ஆகிவிட்டது, லண்டன் சாலை பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு லண்டனின் பல பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) இலவசப் பயிற்சி உண்டு. என் மனைவி இரண்டு வகுப்பு போனார், ரவுண்டபவுட் பயம் போனது.

எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சும் தொகை குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். ஊழியரைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான். ஆனால் அதனால் குறைந்தபட்ச ஊதியத்துக்கு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், சூப்பர் மார்க்கெட்டில் விடியற்காலை அலமாரி அடுக்குகிறவர், பஸ் வருவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர், இவர்களுக்கெல்லாம் திட்டத்தில் இடமில்லை. சொந்தத் தொழில் செய்கிறவருக்கும் இல்லை. யாருக்குச் சைக்கிள் மிகவும் தேவையோ அவருக்குச் சலுகை இல்லை, 40 சதவீதம் வரி கட்டுகிற எனக்கு 700 பவுண்டு மிச்சம். இது சரியில்லை.

அவர்களில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை. முதலாளியிடம் வட்டியில்லாக் கடன் கேட்கலாம். 10,000 பவுண்டு வரை முதலாளி கொடுக்கும் கடனுக்கு வரி கிடையாது. கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லைதான், ஆனால் ரயில் சீசன் டிக்கெட்டுக்குக் கடன் கொடுக்கிற முதலாளிகள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குச் சைக்கிள் ஒன்றும் புதிது இல்லை. தள்ளுபடிச் சைக்கிளோ பழைய சைக்கிளோ எதையும் வாங்கலாம், முதல் நாளே சொந்தம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். மேனேஜருக்கு நான்கு வரியில் ஒரு மெயில் எழுதிக் கொடுத்தேன். 200 பவுண்டு கொடுத்தார்கள், மாதம் 20 பிடிக்கிறார்கள். முன்னால் கூடை வைத்த பச்சைச் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். எங்கள் வீட்டு இரண்டோடு சேர்த்து அதையும் இரவில் எங்கள் பக்கவாட்டுச் சந்தில்தான் பூட்டி வைக்கிறோம்.